வராத திருப்பம்

கணவர் காரைக் கிளப்பியதும் அக்கா ஒரு புதினா மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வார். பேசாமல் இருக்கத்தான். நாற்பத்தைந்து வயதில் கார் ஓட்டப் பழகும் மனிதரைப் பக்கத்திலிருந்து திருத்தினால் வீடு இரண்டுபடும். மிட்டாய் கரைவதற்குள் அலுவலகம் வந்துவிட்டால் நல்லது.

குடிநீர் வழங்கும் அலுவலகம் அது. எந்தக் குழாய் எப்போது உடைந்தது என்று பல வருடமாகச் சேர்ந்த தகவல்களைக் கணினியில் குடைந்து, அடுத்து எது உடையும் என்று சொல்லும் விதிகளை எடுப்பது அக்காவின் வேலை. இரும்புக் குழாய், பழசு, மேலே லாரி ஓடும் சாலை என்றால் ஆபத்து என்பது மாதிரி. பழுது பார்க்கும் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் ‘தோண்டுற அக்கா’. “நாங்க தெருவைத் தோண்டுறோம், அக்கா கம்ப்யூட்டரைத் தோண்டுறாங்க. எங்களுக்காவது எப்பவாச்சும் தண்ணி வருது!”

கிண்டலில் நியாயம் இருந்தது. விதிகள் தொட்டதற்கெல்லாம் எச்சரித்தன. போய்த் தோண்டினால் காய்ந்த மண். ஆட்களுக்கு அலுத்துவிட்டது. கடைசியில் மேலதிகாரி கூப்பிட்டு, “இன்னும் ஒரு மாசம் பாப்போம்மா. சரிப்படலைன்னா இதை மூடி வச்சிடலாம்” என்றார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, கார் பழகப் போனபோதுதான் வழி பிறந்தது. பறந்து வந்த காகிதத்துக்கும் கணவர் பிரேக் போட்டார், மரத்து நிழலுக்கும் போட்டார். அக்கா மிட்டாயைக் கடித்துக்கொண்டார். ஆனால் கணவர் நேர்ச்சாலைக்குத் திரும்பவில்லை; தான் ஒருமுறை தடுமாறிய திருப்பத்துக்கே மறுபடியும் மறுபடியும் வண்டியைக் கொண்டுபோனார்.

“அங்கயே ஏன் போறீங்க? பேசாம நேரா ஓட்டுங்களேன்.”

“நேரா ஓட்டத்தான் வந்துடுச்சே. வராததைத்தானே பழகணும்?”

“நிறுத்துங்க!” என்று அக்கா கத்தினார். மனதில் பட்டதை எழுதிக்கொள்ளத்தான். கணவர் அதற்கும் ஒரு பிரேக் போட்டார்.

மறுநாள் முதல் கணினிக்கும் அதே பயிற்சி. சரியாகச் சொன்ன குழாய்களை ஒதுக்கிவிட்டு, அது ஏமாந்த குழாய்களையே அதிகமாகக் கொடுத்தார். “எங்கடா கண்ணு ஏமாந்த?” என்று திரையைக் கொஞ்சுவார். பழைய விதியைத் தூக்கி எறியவில்லை; மனிதர்கள் செய்வதுபோல அதன் பக்கத்தில் ஒரு ‘ஆனால்’ சேர்த்தார். பழைய இரும்புக் குழாய்தான். ஆனால் மணல் நிலத்தில் இருந்தால் அவ்வளவு பயமில்லை. அப்படி ஒவ்வொன்றாக ‘ஆனால்’ சேரச் சேர, எச்சரிக்கைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தன.

மாதம் முடியும் முன்பே ஒரு மதியம் போன் வந்தது. தோண்டும் ஆட்களின் தலைவர்; அறைக்கே கேட்கும் சத்தம். “அக்கா, ஆஸ்பத்திரிக்குப் பின்னால சொன்னீங்கல்ல? பெரிய விரிசல்! இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆஸ்பத்திரி பூரா தண்ணி இல்லாம நின்னிருக்கும்!”

அறையே கைதட்டியது. “இனிமே மூடுற பேச்சே இல்லம்மா” என்றார் மேலதிகாரி. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு போனில் கேட்டார்: “பள்ளிக்கூடத் தெருவுல ஒண்ணு சொன்னோமே, அது?”

எதிர்முனையில் குரல் இறங்கியது. “அங்க ஒண்ணுமே இல்லக்கா. குழாய் கல்லு மாதிரி இருக்கு.”

“அப்படியா!” என்றார் அக்கா, பரிசு விழுந்த முகத்தோடு. கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அவர் நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். “எங்கடா கண்ணு ஏமாந்த?”