பேனலின் மறுமுனை

பட்டறையில் எல்லோரும் அவளைப் 'பசை அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். குளிர்சாதன லாரிகளுக்குப் பெட்டி கட்டும் பட்டறை அது. நடுவில் நுரையும் இருபுறமும் மெல்லிய தகடுமாக அழுத்தி வரும் பெரிய பேனல்களை இரும்புச் சட்டத்தில் ஒட்டுவது அவள் வேலை. "அக்காகிட்ட யாரும் கை குடுத்துடாதீங்கப்பா, அப்புறம் சாயங்காலம் சேர்ந்தேதான் வீட்டுக்குப் போகணும்" என்று கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள்.

ஒரு பேனலைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். மறுமுனையைப் பிடிப்பவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. சட்டத்தைத் துடைத்துப் பசையைக் கோடாக இழுத்துவிட்டால் பன்னிரண்டு நிமிடம்தான் கெடு. அதற்குள் பேனலை வைத்து, ஓரம் பார்த்து, கிளாம்ப் போட்டு முறுக்கிவிட வேண்டும். பசை இறுகியபின் பிரித்தால் தகடு கிழிந்துவிடும். ஒன்பது வருடமாக இருவரும் சேர்ந்துதான் ஒட்டினார்கள்.

போன வருடம் அவர்களுடைய அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒருநாள் காலை அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "பயப்பட ஒண்ணுமில்ல" என்றாள் நர்ஸ். தம்பி அன்று ஒரு லாரியை ஒப்படைக்க வெளியூர் போயிருந்தான். சொன்னால் பதறியடித்து வண்டியை விரட்டிக்கொண்டு வருவானே என்று பயந்து, அவள் போன் செய்யவில்லை. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வந்தவன் ஒன்றுதான் கேட்டான். "எனக்கும் அவ அம்மாதானே? ஒரு போன் பண்ண உனக்குக் கை வரலையா?"

அதோடு பேச்சு நின்றது. வேலை நிற்கவில்லை. "தூக்கு", "இறக்கு", "இந்தப் பக்கம்", "விடு" என்று நாலைந்து வார்த்தைகளிலேயே பதினோரு மாதம் ஓடியது. "வேணும்னா வேற ஆள மாத்திவிடவா?" என்று மேஸ்திரி கேட்டபோது மட்டும் இருவரும் ஒரே குரலில் "வேணாம்" என்றார்கள். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு போனார்.

பஸ்ஸில் வரும்போது "தப்புதான்டா, மன்னிச்சிடு" என்று அவள் மனசுக்குள் சொல்லிப் பார்ப்பாள். அவன் முகத்தைப் பார்த்ததும் "தூக்கு" என்றுதான் வாயில் வரும்.

ஒருநாள் சாப்பாட்டு மணிக்குச் சற்றுமுன், கடைசிப் பக்கச்சுவர்ப் பேனலைத் தூக்கினார்கள். பசை போட்டாகிவிட்டது. தம்பியின் முனை சரிந்தது.

"ஒழுங்காப் பிடி!" என்று கத்தினாள்.

மறுபடியும் சரிந்தது.

"அக்கா..." என்றான். "கை விட்டுப்போச்சுக்கா."

பேனலை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். நெஞ்சைப் பிடித்தபடி லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் வியர்வை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, பதினோரு மாதமாகச் சொல்லாததைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் காதில் விழுந்ததா என்று அவளுக்குத் தெரியாது. வாசலை எட்டும்முன்பே உயிர் போய்விட்டது.

பத்து நாள் கழித்துத் தம்பியின் மனைவி அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள்.

"உங்ககிட்ட பேசலைன்னுதான் பேரு, அண்ணி. வீட்டுக்கு வந்தா உங்க கதைதான். 'அக்கா இன்னைக்குச் சாப்பாட்டு டப்பாவத் தொறக்கவே இல்ல.' 'அக்காவுக்கு இருமல் விடவே மாட்டேங்குது.' 'போய்ப் பேச வேண்டியதுதானே'ன்னு நான் கேட்டா, 'அவதானே பெரியவ, அவ மொதல்ல பேசட்டும்'னுவாரு."

"நானும்..." என்று ஆரம்பித்தாள். தம்பியின் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இருவரும் அழுது முடிக்க வெகுநேரமாயிற்று.

இப்போது பட்டறையில் அவளுக்கு வேறொருவர் துணை. நல்ல வேலைக்காரர், நிறையப் பேசுவார். அவள் கேட்டுக்கொண்டே பசை இழுப்பாள். சில நாள் பாதிக் கோட்டில் கை நின்றுவிடும். அவர் பேனலின் மறுமுனையில் காத்திருப்பார்.