மூக்கில் வைத்த நான்கு ஈயக்குண்டுகள்

போன வருடம் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம் போகும் வழியில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு சின்ன ஏரி இருக்கிறது. கோடையில் அதில் தண்ணீர் இருக்காது. வெடித்த களிமண்ணும், காய்ந்த கோரையும், மேய்கிற ஆடுகளும்தான். அங்கே மாதத்தில் இரண்டு ஞாயிறு ஏழெட்டு பேர் கூடி ரிமோட் கிளைடர் விடுவோம். என்ஜின் இல்லாத, காற்றை மட்டுமே நம்பிப் பறக்கிற, நீண்ட இறக்கை வைத்த மாதிரி விமானங்கள். அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். நாலு வயதுக் குழந்தையோடும் தண்ணீர் பாட்டிலோடும் வந்து இறங்குகிறவளும் நான் ஒருத்திதான்.

நான் விமானப் பொறியியல் படித்தவள். படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை. ஒரு ஐ.டி. நிறுவனத்தில் மூன்று வருடம் மென்பொருள் சோதித்துக்கொண்டிருந்தேன். மகள் பிறந்ததும் அதையும் விட்டுவிட்டு, கேளம்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட்டே உலகம் என்று ஆகிவிட்டது. இயல்பிலேயே எதையும் இரண்டு முறை பார்க்கிறவள் நான். கேஸை மூடினேனா என்று லிஃப்ட் வரை போய்த் திரும்பி வருவேன். குழந்தைக்கு ஜுரம் இல்லை என்று தெர்மாமீட்டர் சொன்னால், தெர்மாமீட்டர் சரியாக வேலை செய்கிறதா என்று என் கக்கத்தில் வைத்துப் பார்ப்பேன்.

என் பிறந்தநாளுக்குக் கணவர் ஒரு ரெடிமேட் கிளைடர் வாங்கித் தந்தார். அதில்தான் பறக்கவிடக் கற்றேன். ஒரு வருடம் போனதும் அதன் வால் சிறியதாக இருக்கிறதே, இறக்கை நுனி இன்னும் குறுகலாக இருக்கலாமே என்று தோன்ற ஆரம்பித்தது. ஒரு நாள் மகள் மதியம் தூங்கும்போது பழைய நோட்டு ஒன்றை எடுத்து வரைந்தேன். அப்புறம் எட்டு மாதம் அவள் தூங்கும் நேரமெல்லாம் அதே வேலை. பால்சா என்கிற லேசான மரக்கட்டையைச் சீவியது சாப்பாட்டு மேஜையில். இறக்கைக்கு ஆரஞ்சு நிற ஃபிலிம் ஒட்டியது துணி தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியால். நோட்டில் முக்கியமான கணக்குப் போட்ட பக்கத்தில் மகள் கிரேயானால் பச்சையில் ஒரு யானை வரைந்துவிட்டாள். யானையின் காலுக்கு நடுவில்தான் என் விடை இருந்தது.

யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன். இந்த விமானம் கணக்குப்படி பறந்தால், நான் படித்தது இன்னும் என்னிடம் இருக்கிறது என்று அர்த்தம். பறக்காவிட்டால் சாமானையெல்லாம் பரண்மேல் ஏற்றிவிட்டு, நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன்.

கிளைடரில் எல்லாமே பேலன்ஸில்தான் இருக்கிறது. இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை வைத்துத் தூக்கினால் மூக்கும் சாயக்கூடாது, வாலும் சாயக்கூடாது. அந்த இடம் இறக்கையின் முன் விளிம்பிலிருந்து எழுபத்தெட்டு மில்லிமீட்டரில் வரவேண்டும் என்பது என் கணக்கு. எல்லாம் பொருத்தி முடித்துத் தூக்கிப் பார்த்தேன். மிகச் சரியாக எழுபத்தெட்டில் நின்றது. எடை எதுவும் சேர்க்கத் தேவையே இல்லை.

வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. முதல் தடவையே எப்படிச் சரியாக வரும்? யானை மறைத்த இடத்தில் ஏதாவது தப்பாக எழுதியிருப்பேனோ? நெட்டில் தேடினால், வால் கனத்துப்போன விமானம் கைக்கு அடங்காது, விழுந்து நொறுங்கும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அந்த வாரம் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருந்தோம். படகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தவரிடம் வலையில் கட்டுகிற ஈயக்குண்டு நான்கு கேட்டேன்.

"இன்னாத்துக்கும்மா, தூண்டில் போடப் போறியா?" என்று கேட்டார்.

ஜன்னல் திரை பறக்காமல் இருக்க என்று பொய் சொன்னேன். வீட்டுக்கு வந்து நான்கையும் டேப் போட்டு மூக்குக்குள் ஒட்டினேன். பேலன்ஸ் எழுபத்தெட்டிலிருந்து அறுபத்து நாலுக்கு வந்துவிட்டது. கணவரிடம்கூடச் சொல்லவில்லை. பத்திரத்துக்குத்தானே என்று நினைத்தேன். மே மாதத்தில் குழந்தைக்கு ஸ்வெட்டர் போடுகிற மாதிரியான பத்திரம் அது.

ஏரிக்கு நாங்கள் போய்ச் சேரும்போது பத்து மணி இருக்கும். மேற்கிலிருந்து அனலாகக் காற்று. கணவர் கருவேல மர நிழலில் பாய் விரித்து மகளோடு உட்கார்ந்தார். மகளுக்கு விமானத்தைவிட ஆட்டுக்குட்டிகள்தான் முக்கியம். நாங்கள் கிளைடரை ரப்பர் கயிறு கட்டித்தான் மேலே ஏற்றுவோம். தரையில் முளை அடித்து, ரப்பரையும் அதோடு சேர்ந்த நைலான் கயிற்றையும் நன்றாக இழுத்து, முனையில் இருக்கும் வளையத்தை விமானத்தின் கொக்கியில் மாட்டிக் கையை விட்டால் பட்டம் போல ஏறும். உச்சிக்குப் போனதும் வளையம் தானாகக் கழன்று விழும்.

என் ஆரஞ்சு விமானம் ஏறியது. வளையம் கழன்றது. அதற்குப் பிறகு நடந்தது எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. மூக்கைக் குத்திக்கொண்டு இறங்கும், வேகம் பிடித்ததும் விசுக்கென்று மேலே நிமிரும், நின்று திணறும், மறுபடி குத்தும். நான் ரிமோட்டின் ஸ்டிக்கை மேலும் கீழும் தள்ளித் தள்ளி அதை இன்னும் கெடுத்தேன். ஒன்றரை நிமிடத்தில் தரைக்கு வந்துவிட்டது. இரண்டாம் முறையும் அப்படியே. உடையவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இறக்கை வளைவு சரியில்லை என்றார் ஒருவர். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிற இன்னொருவர், டிசைனிலேயே கோளாறு, இதைச் சரிபண்ண முடியாது என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிம்மதிதான் வந்தது. பயந்தது நடந்துவிட்டால் அதற்கு மேல் பயப்பட ஒன்றும் இல்லையே. இறக்கையைக் கழற்றிப் பையில் போட ஆரம்பித்தேன்.

அப்போது வந்தவர்தான், நாங்கள் எல்லாரும் பாய் என்று கூப்பிடுகிறவர். செங்கல்பட்டில் செல்போன் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவர். கணக்குப் போடத் தெரியாது என்று அவரே சொல்லிக்கொள்வார். பார்வையிலேயே விமானத்தின் குணத்தைச் சொல்லிவிடுவார். எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. புது விமானத்தின் பேலன்ஸ் சரியா என்று பார்க்க, உயரத்தில் வைத்து மூக்கை லேசாகக் கீழே சாய்த்துவிட்டு, ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். மூன்று எண்ணும் வரை விமானம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். விசுக்கென்று நிமிர்ந்தால் மூக்கு கனம், குத்திக்கொண்டே போனால் வால் கனம், மெதுவாகத் தானே நிமிர்ந்தால் சரி. நான் அதைச் செய்யவே இல்லை என்பதை அவர் கவனித்திருக்கிறார்.

மறுபடி இறக்கையை மாட்ட வைத்தார். மூன்றாம் முறை ஏற்றினோம். மூக்கைச் சாய்த்தேன். கையை எடு என்றார். எடுத்தேன் என்றுதான் நினைத்தேன்.

"கட்டை விரலை எடும்மா. கோந்து போட்டா ஒட்டிக்கினு கீற?"

குனிந்து பார்த்தேன். விரல் ஸ்டிக்கின் மேலேயே இருந்தது. பலவந்தமாக எடுத்தேன். ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் விமானம் முன்கால் தூக்கிய குதிரை மாதிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டது.

இறங்கியதும் பாய் விமானத்தை எடுத்து இரண்டு விரலில் நிறுத்திப் பார்த்தார். பிறகு மூக்கு மூடியைக் கழற்றினார். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இது இன்னா பிளேனா, மீன் வலையா? இவ்ளோ ஈயம் கீது" என்றார் தொழிற்சாலைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

பாய் சிரிக்கவில்லை. "உன் கணக்குல எவ்ளோ ஈயம் தங்கச்சி?" என்று கேட்டார்.

"ஒண்ணுமே இல்ல பாய்."

"அப்போ இது யாரு போட்ட கணக்கு?"

பயத்தில் நான்தான் வைத்தேன் என்று சொன்னேன். என்னவோ திருடிவிட்டு மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. நிழலில் இருந்த கணவரும் எழுந்து வந்து நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான். எட்டு மாதம் பக்கத்திலேயே இருந்து பார்த்தவர் அல்லவா.

பாய் ஒரு குண்டை மட்டும் பிய்த்து எடுத்தார். ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு முறையும் பறக்கவிட்டுப் பார்க்கலாம், அதுதான் பத்திரம் என்றார். நியாயமான யோசனை. இன்னொரு நாளாக இருந்தால் நான் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் பத்திரம் என்ற அந்த வார்த்தைதான் என்னை என்னவோ செய்தது. நோட்டை எடுத்து வந்தேன். யானைப் பக்கத்தைத் திறந்து, அங்கேயே களிமண் மேல் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரை மறுபடி கணக்குப் போட்டேன். வெயில் தலையைப் பிளந்தது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. விடை எழுபத்தெட்டு.

மீதி மூன்றையும் எடுத்துவிட்டேன்.

"வாலு கனத்து வுழுந்துச்சுன்னா என்கிட்ட வந்து அழக்கூடாது, சொல்ட்டேன்" என்றார் பாய்.

"அழமாட்டேன் பாய். கயிறை இழுங்க."

அந்தக் குரல் என்னுடையதா என்று எனக்கே தெரியவில்லை. கயிறு இழுபட்டது. கையை விட்டேன். விமானம் ஏறிய விதத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. வளையம் கழன்றதும் அது குத்தவும் இல்லை, நிமிரவும் இல்லை. மேஜை மேல் தட்டை நகர்த்துகிற மாதிரி போய்க்கொண்டே இருந்தது. நானே மூக்கைச் சாய்த்தேன். கட்டை விரல்கள் இரண்டையும் எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மேலே தூக்கிக் காட்டினேன். ஒன்று. இரண்டு. மூன்று. சாய்ந்த கோட்டிலேயே கொஞ்ச தூரம் போய், பிறகு மெதுவாக, மிக மெதுவாகத் தானாகவே மூக்கை நிமிர்த்திக்கொண்டது. புத்தகத்தில் இருக்கிற படம் மாதிரி. என் நோட்டில் இருக்கிற படம் மாதிரி என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்றைய அதிர்ஷ்டம் அதோடு முடியவில்லை. அதே பறத்தலில் மேற்குக் காற்று சட்டென்று ஓய்ந்தது. கிழக்கே பருந்துகள் ஐந்தாறு, சிறகை அசைக்காமல் வட்டமிட்டு ஏறிக்கொண்டிருந்தன. கடல்காற்று வருகிறது என்று பாய் மெதுவாகச் சொன்னார். மாமல்லபுரம் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும்போது, அதற்கு முன்னால் இருக்கும் சூடான காற்றை மேலே தள்ளிக்கொண்டு வரும். அதில் மாட்டினால் கிளைடர் ஏறிக்கொண்டே போகும். விமானத்தை அந்தப் பக்கம் திருப்பினேன். வலது இறக்கை நுனி யாரோ விரலால் தூக்கிய மாதிரி லேசாக உயர்ந்தது. மூக்கில் ஈயம் இருந்திருந்தால் இந்த மென்மையான அசைவு எனக்குத் தெரிந்தே இருக்காது. உயர்ந்த இறக்கையின் பக்கமே வட்டமடித்தேன்.

முப்பத்தெட்டு நிமிடம். எங்கள் ஏரியில் அந்தக் கோடையில் அவ்வளவு நேரம் யாரும் பறக்கவிடவில்லை. ஆரஞ்சு இறக்கை நகத்தளவாகிவிட்டபோது எனக்குப் பயம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் பயந்த நேரத்தில்கூட வட்டத்தைக் கலைக்கவில்லை. மேற்கு பார்த்துப் புறப்பட்ட விமானத்தைக் கிழக்கு பார்த்து, கடல்காற்றுக்கு எதிராக, என் காலடியிலிருந்து பத்து தப்படி தூரத்தில் இறக்கினேன்.

தொழிற்சாலைக்காரர்தான் முதலில் ஓடிப்போய் அதை எடுத்து வந்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து, டிசைனில் கோளாறு என்றது நான்தான், தப்பு என்னுது என்று சொல்லிக் கொடுத்தார். பாய் நோட்டை வாங்கிப் பச்சை யானையோடு சேர்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

"எனக்கும் இதே மாதிரி ஒண்ணு வரைஞ்சு குடு தங்கச்சி. ஆனா எனக்கு யானை வாணாம்."

மகள் அதற்குள் ஓடி வந்துவிட்டாள். யானை ஏன் வேண்டாம் என்று அவரிடம் சண்டைக்கே போனாள். காரில் திரும்பும்போது கணவர், ஈயம் வைத்ததை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள் எடுக்கச் சொல்லியிருப்பீர்கள் என்றேன். "சொல்லியிருக்க மாட்டேன். நானும் பயந்துதான் இருந்தேன்" என்றார். எட்டு மாதத்தில் அவரும் ஒரு வார்த்தை வெளியே விடவில்லை.

இப்போது அந்த ஏரியில் நான் வரைந்த விமானங்கள் மூன்று பறக்கின்றன. ஒன்று பாயுடையது, ஒன்று தொழிற்சாலைக்காரருடையது. அவர்கள் இரண்டு பேரும் கையை எடுத்து மூன்று எண்ணும்போது, என் கணக்கு இன்னொருவர் கையில் பறப்பதைப் பார்க்கிறேன். அந்தப் பெருமையை எழுத எனக்கு வார்த்தை போதவில்லை. நான் ஒன்றும் தைரியசாலி ஆகிவிடவில்லை. கேஸ் மூடினேனா என்று இன்றும் லிஃப்டிலிருந்து திரும்பிப் போகிறேன். ஆனால் நான் செய்த ஒன்றைப் பற்றிச் சந்தேகம் வந்தால், உட்கார்ந்து முதலிலிருந்து சரிபார்க்கிறேன். சரியாக இருந்தால், பயத்துக்காக அதன்மேல் எதையும் சேர்ப்பதில்லை.