வெள்ளைக்காரத் துரையிடம் கேட்ட துண்டு

வரவேற்பு வெற்றிலைத் தட்டை அவர் இரண்டு கைகளாலும் பணிவாக வாங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. போர்நிறுத்தக் காலம். சர்வதேசப் போதைப்பொருள் தடுப்பு அமைப்பொன்றின் மேலதிகாரி அவர். தெஹியோவிட்டப் பக்கத்தில் உள்ள எங்கள் ரப்பர் தோட்டத்துக்குப் பேச வந்திருந்தார். அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்து சிறிய மருந்தகங்களில் இருக்கவே கூடாது என்பது அவருடைய பிடிவாதம். அதற்காகவே கொழும்பு டாக்டர்மார் பத்திரிகைகளில் அவரோடு மல்லுக்கு நின்றார்கள். நானோ உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருக்கமுடியாதவன். மொழிபெயர்க்கிறேன் என்று நானே முந்திக்கொண்டு போய் நின்றேன்.

வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்தில் கூட்டம். முன்வரிசையில் பெரியப்பா, வாயை லேஞ்சித் துணியால் பொத்தியபடி. காலமெல்லாம் வெற்றிலையும் புகையிலையும் அதக்கிக்கொண்டே ரப்பர் பால் வெட்டியவர். வாயில் புற்று வைத்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். வலியை அடக்கும் அந்த மருந்து கொழும்பில்தான் கிடைக்கும்.

எங்கள் தோட்டத்தில் எதற்கும் துண்டு வேண்டும். லீவுக்குத் துண்டு, ஆஸ்பத்திரி லொறிக்குத் துண்டு, கூரைத் தகரத்துக்கும் துண்டு. தோட்டத்துத் துரை கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தால் எல்லாம் நடக்கும் என்று பார்த்துப் பழகிய பெரியம்மா எழுந்தாள்.

“தொரைங்களே, இவரு வலி தாங்காம துடிக்கிறாருங்க. அந்த மருந்த நம்ம டிஸ்பென்சரியில குடுக்கச் சொல்லி ஒரு துண்டு எழுதிக் குடுத்துட்டுப் போங்க.”

“அப்புடியே எனக்கும் மூணு நாள் லீவுக்கு ஒண்ணு கேளுக்கா” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

அதிகாரி சிரிக்கவில்லை. இறங்கி வந்து பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மிகவும் வருந்துவதாகச் சொன்னார். ஆனால் ஒருவருக்குத் திறந்த கதவை மற்றவர்களுக்கு மூடமுடியாது, ஆகவே முடியாது என்றார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போயிருக்கலாம்.

பெரியம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பாக்குறேன்னு சொல்றாரு பெரியம்மா” என்றேன்.

அன்றிலிருந்து தினமும் பால் அளந்துவிட்டு, வாளியும் கையுமாக டிஸ்பென்சரி வாசலில் நிற்பாள். “மாத்தயா, அந்தத் தொர துண்டு அனுப்பிட்டாருங்களா?” மருந்து கொடுக்கும் சிங்கள மாத்தயா பாவம், இரண்டு பனடோல் மாத்திரையைக் கொடுத்து அனுப்புவார். முடியாது என்றே நான் சொல்லியிருந்தால், எப்படியாவது வேன் பிடித்துக் கொழும்புக்குக் கொண்டுபோயிருப்பார்கள். துண்டு வரும் என்று காத்திருந்தார்கள். மூன்றாவது வாரம் பெரியப்பா போய்விட்டார். அந்த மூன்று வாரமும் லயத்து வீடுகள் முழுக்க அவர் முனகல் கேட்டது.

போன கிழமை இணையத்தில் அந்த அதிகாரியைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். எங்கோ ஒரு மேடையில், அதே கதவு, அதே வருத்தம், ஒரு சொல்கூட மாறவில்லை. ஆத்திரம் தாங்காமல் பெரியம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

“யாரு, கையப் புடிச்சிக்கிட்டாரே, அவரா? நல்ல மனுசன்டா. எத்தன தோட்டத்துக்குப் போறவரு, துண்டு எழுத மறந்துருப்பாரு.”

அவர் மறக்கவில்லை என்று சொல்லத்தான் கூப்பிட்டிருந்தேன்.

“ஆமா பெரியம்மா” என்றேன். “மறந்துட்டாரு போல.”