நனைந்த பைன் கட்டைகள்

சிட்லபாக்கத்தில் அக்காவின் வாடகை வீட்டு இரண்டாவது அறையில் கட்டில் கிடையாது. அந்த இடத்தில் இரும்பு அலமாரிகள். அவற்றில் முழங்கை நீளத்துக்கு அறுத்த பைன் கட்டைகள், இரு முனையிலும் மெழுகு பூசி, ஒவ்வொன்றும் தனி வலைப்பெட்டிக்குள் இருக்கும். கதவைத் திறந்தாலே பிசின் வாசனை அடிக்கும். "மூச்சு முட்டுதாப்பா? பழகிடும். இவருக்கு இப்ப இந்த வாசனை இல்லைன்னா தூக்கமே வராது" என்று கணவரைக் காட்டிச் சிரிப்பார்.

அக்கா எனக்கு உறவில்லை. தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியின் பூச்சியியல் ஆய்வகத்தில் எனக்கு மூத்த ஆய்வு மாணவி. ஆய்வகத்தில் கூரை வேலை நடந்ததால், அனுமதி வாங்கிக் கட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். கணவர் ரயில்வேயில் எலக்ட்ரீஷியன். வேலை முடிந்து வந்து அந்த அறையின் விசிறியையும் விளக்கையும் அவர்தான் பார்த்துக்கொள்வார்.

பைன் மரத்தைத் துளைக்கும் வண்டு பட்டைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, அதன் இரு பக்கமும் முட்டை வைக்கும். மரம் எந்தப் பருவத்தில் வெட்டப்பட்டது என்பதற்கும் வண்டு பெருகுவதற்கும் என்ன தொடர்பு என்பதே அக்காவின் ஆய்வு. மரங்கள் கொடைக்கானலிலிருந்து வரும். கோடையில் வெட்டியவற்றில் உட்பட்டை சீக்கிரம் காய்ந்துவிடும். தாய் வண்டு கொஞ்ச தூரம் தோண்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும், முட்டையும் குறைவு. மழைக்காலத்துக் கட்டைகளில் சுரங்கம் நீளமாகப் போகும், முட்டைகள் ஏராளம். ஆனால் அந்த ஏராளத்திலிருந்து வெளியே வரும் வண்டுகள் மிகச் சில. முட்டை எண்ண உரிக்கும் கட்டைகளில் அவை இன்னும் பொரிந்திருக்காது, மற்றவற்றை வண்டு வரும்வரை உரிக்க முடியாது. ஏன் என்று புரியவில்லை. "வளர்ப்புல எங்கயோ தப்பு பண்றீங்கம்மா" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அக்காவும் ஏறக்குறைய நம்பத் தொடங்கியிருந்தார்.

அந்த வருட மழையில் ஏரி நிரம்பித் தெருவுக்கு வந்தது. நான் இரும்புலியூரிலிருந்து பாதி தூரம் நடந்தே போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். அக்கா ஃப்ரிட்ஜின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கணவர் கத்தினார்: "அதை விடு! அது கடையில கிடைக்கும். கட்டையைத் தூக்கு!"

மாடியில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா படிக்கட்டிலேயே மறித்தார். "பூச்சியெல்லாம் மேல ஏத்தாதீங்கம்மா. எங்க வூட்டு ஜன்னல் கதவு எல்லாம் மரம்."

"இது பைனைத் தவிர எதையும் தொடாது ஆன்ட்டி. வலைக்குள்ளதான் இருக்கும்" என்றார் அக்கா. வீட்டுக்கார அம்மா நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, நகர்ந்து வழிவிட்டார். மேல் தட்டுக் கட்டைகள் மாடிக்குப் போயின. கடைசித் தட்டு எங்கள் கண் முன்னாலேயே மூழ்கியது.

தண்ணீர் வடிந்ததும் பேராசிரியர், "நனைஞ்சதைத் தூக்கிப் போட்டுடுங்க, அது கணக்குல வராது" என்றார். அக்கா போடவில்லை. சில நாள் கழித்து என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நனைந்த கட்டை ஒன்றின் பட்டையை உரித்தார். நீளமான சுரங்கம். இரு பக்கமும் பொரிந்து வெளிவந்த புழுக்கள் நகர்ந்த தடங்கள். எல்லாத் தடங்களும் சிறிது தூரத்திலேயே முடிந்தன. முடிந்த இடத்திலெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. அக்கா எழுந்து போய், மழைக்காலத்தில் வெட்டியதும் மாடியில் நனையாமல் இருந்ததுமான ஒரு கட்டையை எடுத்து வந்து உரித்தார். அதிலும் அதே பூஞ்சை, கொஞ்சம் குறைவாக.

"நான் ஒழுங்காத்தான் வளர்த்திருக்கேன்" என்றார். அதைத்தான் முதலில் சொன்னார்.

காய்ந்த மரத்தில் தாய் அதிகம் முட்டை வைப்பதில்லை. ஊறிய மரத்தில் நிறைய வைக்கிறது, பிள்ளைகள் பிழைப்பதில்லை. மழை ஓய்ந்தபின், பனிக்காலத்தில் வெட்டிய நடுத்தர ஈரமுள்ள மரத்தில்தான் வண்டு உண்மையில் பெருகும் என்று அக்கா கணக்குப் போட்டார். ஆனால் வெள்ளத்தில் நனைந்ததை ஆதாரமாகக் காட்ட முடியாது. மறுபடி மரம் வாங்கி, அளவாக நனைத்து, இன்னொரு வருடம் செய்ய வேண்டும். உதவித்தொகை முடிந்துவிட்டிருந்தது. நாவலூரில் ஒரு கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. வேலைக்குப் போவதா, ஆய்வைத் தொடர்வதா என்று அக்கா கணவரிடம் கேட்டபோது நானும் இருந்தேன். அவர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னொரு வருஷம் கட்டில் வாங்க வேணாம், அவ்ளோதானே" என்றார்.

இன்று அக்கா வெளிநாட்டிலிருந்து வரும் மரப்பெட்டிகளில் பூச்சி பார்க்கும் வேலையில் இருக்கிறார். எந்த மாதத்தில் வெட்டிய மரம் என்று அவர் முதலில் கேட்பதாக அவருடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள்.

எனக்கு நினைவில் நிற்பது மறுபடி செய்துபார்த்த அந்த வருடத்தின் ஒரு காலை. நடுத்தர ஈரக் கட்டைகளின் வலைகளில் புது வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஊற வைத்தவற்றின் வலைகள் அநேகமாகக் காலி. நாங்கள் எதிர்பார்த்தது அதைத்தான். நான் கை தட்டிவிட்டேன். கணவர் டீ போடப் போனார். அக்கா மட்டும் காலி வலை ஒன்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒன்றாவது வராதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.