சாய்ந்த கம்பத்தின் அருகே

வெர்னா டக்கிக்கு இடது காது அறவே கேட்காது; வலது காது பாதி கேட்கும். அதனால் டிராக்டர் எஞ்சினைப் பல்லால் கேட்பார். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, மரப்பிடியைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். பேரிங் தேய்ந்திருந்தால் தாடையில் தெரியுமாம்.

எங்கள் யெல்லரிங் ஊரில் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர் அவர். பாதி வழியில் நின்றுபோகும் பேருந்தைத் தானே பிரித்துப் பூட்டிப் பழகியதுதான் பிறகு தொழிலாயிற்று. ஆயில் பிரஷர் பார்க்கச் சொந்தமாக ஒரு பித்தளை மீட்டர் வைத்திருக்கிறார். கம்பளிக் காலுறைக்குள் போட்டுத்தான் கொண்டுவருவார்.

"வண்டில இருக்கற மீட்டர் என் பழைய புருஷன் மாதிரி. எது கேட்டாலும் எல்லாம் சரிம்பான்" என்பார்.

பக்கத்துப் பண்ணை க்ளெனிஸ் அவரை வரச்சொன்னது ஜூன் இரண்டாம் வாரம். அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மே மாதத் தொடக்கத்தில், உப்பேரிக்கரை வயலில் ஓட்ஸ் விதைத்துக்கொண்டிருந்த க்ளெனிஸின் கணவர் லிண்ட்சேவுக்கு இருக்கையிலேயே உயிர் போயிற்று. டிராக்டர் நிற்கவில்லை. அவரைச் சுமந்துகொண்டு, விதைத்தபடியே சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் வேலிக் கம்பத்தில் முட்டி அணைந்தது. பத்து நாளில் மழை பெய்தது. ஓட்ஸ் முளைத்தது. உயிரோடு அவர் விதைத்தது நேர்கோடுகளாக. அதற்குப் பின் விதைத்தது வளையம் வளையமாக.

விதைப்புக் காலத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஊரே போய் அந்த வீட்டு வயலை விதைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். நானும் போனேன். அவரவர் டிராக்டர்களோடு லிண்ட்சேவின் பழைய டிராக்டரையும் முறைவைத்து ஓட்டினோம். மேட்டு வயல்கள் முழுவதும் ஒரே நாளில் முடிந்தன. உப்பேரிக்கரைக்கு மட்டும் யாரும் போகவில்லை. "அத நான் பாத்துக்கறேன்" என்று க்ளெனிஸ் சொல்லிவிட்டார்.

ஜூனில் அவர் தனியாக அதை விதைக்க இறங்கினார். மூன்று நாளும் ஒன்றே நடந்தது. சரிவில் இறங்கி, கணவரோடு டிராக்டர் முட்டிச் சாய்த்த அந்தக் கம்பத்தை நெருங்கும்போது ஆயில் பிரஷர் முள் விழும். மேடேறினால் முள்ளும் ஏறும். மூன்றாம் நாள் டிராக்டரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வந்துவிட்டார்.

அம்மா கொடுத்தனுப்பிய ஆட்டுக்கறிக் குழம்போடு நான் போனபோது, வெர்னாவும் க்ளெனிஸும் வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் வெர்னாவின் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

நடுப்பகல். காற்றே இல்லை. ஏரி முழுக்க உப்பு, கண் கூசும் வெள்ளை. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. டிராக்டர் அந்தக் கம்பத்தைப் பார்த்தபடி நின்றது.

"அவரு என்னப் போகச் சொல்றாரு வெர்னா" என்றார் க்ளெனிஸ். "இல்லன்னா சரியா இங்க வந்து ஏன் விழணும்? இன்னிக்கும் விழுந்தா கொழுந்தன் ரஸ்ஸல்கிட்ட நிலத்தக் குடுத்துட்டு, தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன்."

"ஆவி கெடக்கட்டும். மொதல்ல ஆயில் எங்க போகுதுன்னு பாப்போம்" என்றார் வெர்னா.

பித்தளை மீட்டரைப் பூட்டி எஞ்சினை ஓடவிட்டார். சூடேறச் சூடேற முள் இறங்கியது. பத்துக்கும் கீழே. டிராக்டரின் மீட்டரும் அதையே காட்டியது.

"அட, இது உண்மை பேசுதே."

ஸ்க்ரூடிரைவரைக் கடித்தார். பேரிங்கில் தட்டல் இல்லை. எஞ்சினை அணைத்து, டிராக்டரைச் சமதரைக்குக் கட்டியிழுத்துக் கொண்டுபோய், ஆயில் அடங்கும்வரை காத்திருந்து, அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினார். துடைத்துவிட்டு மறுபடி விட்டு உருவினார். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. அதில் பியர் நுரைபோலப் பொடிக் குமிழிகள்.

"ஏ க்ளெனிஸ், எவ்வளவு ஊத்தின?"

"ஒரு சொட்டுகூட ஊத்தலியே. தினம் காலைல பாக்கறேன். குறையவே இல்ல."

"குறையலதான். கூடியிருக்கு!"

அந்த எஞ்சின் ஆயில் குடிக்கும் என்பது ஊருக்கே தெரியும். லிண்ட்சே வேலைநாள் தவறாமல் ஒரு லிட்டர் ஊற்றுவார். 'என்னவிட மொடாக்குடியன்' என்பார். குடிக்கிற எஞ்சினில் ஆயில் எப்படி ஏறும்?

வெர்னா முகர்ந்து பார்த்தார். ஒரு காகிதத்தில் சொட்டு விட்டு, பரவும்வரை பார்த்தார். "டீசலும் கலக்கல. நல்ல ஆயில்."

"அவருதான்" என்றார் க்ளெனிஸ் மெல்ல. "அவருதான் வந்து ஊத்தறாரு."

எதற்கும் சிரிக்கும் வெர்னா அப்போது சிரிக்கவில்லை. ஆளில்லாத இருக்கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அதன் நடுவில் இன்னும் ஒரு ஆள் உட்கார்ந்த பள்ளம். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நான் ஒரு லிட்டர் ஊத்தினேன்" என்றேன்.

இருவரும் திரும்பினார்கள்.

"அன்னிக்கு, ஊரே விதைக்க வந்தப்ப. என் முறை முடிஞ்சதும். லிண்ட்சே ஊத்துவாரேன்னு…"

"சொல்லவே இல்லியே!" என்றார் க்ளெனிஸ்.

அப்படிப்பட்ட நாளில் செய்ததை யாரும் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் அது உதவியாகாது, பீற்றல்.

வெர்னா அங்கிருந்தே ஒவ்வொருவராகப் போனில் ஸ்பீக்கர் போட்டு அழைத்தார். எனக்கு முன் ஓட்டிய ட்ரெவர்: "ஆமா, ஒரு லிட்டர். ஏன்?" அவருக்கு முன் ஓட்டிய எய்லீன்: "ஊத்தினேன். தப்பா?" காலையில் ஓட்டிய கீத்தும் ஊற்றியிருந்தார்.

"பாவிங்களா! நல்ல மனசாலயே ஒரு எஞ்சின மூழ்கடிச்சிட்டீங்களே!"

மிகுந்த ஆயில் சரிவில் முன்பக்கம் சேர்கிறது; எஞ்சினடியில் சுழலும் கிராங்க் தண்டு அதை நுரையாக அடிக்கிறது; பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கிறது. மேட்டு வயல் சமதரை, அங்கே தெரியவில்லை. சரிவின் அடி இந்தக் கம்பம்தான்.

கோடு வரும்வரை வடித்தார். க்ளெனிஸ் ஏறி ஒரு சுற்று ஓட்டினார். கம்பத்தருகே முள் நாற்பதில் நின்றது, அசையவில்லை. சிரிப்பார் என்று நினைத்தேன். இறங்கி வந்தவரின் முகம் வெளிறியிருந்தது.

"இப்ப அவரு ஒண்ணுமே சொல்லலியே, வெர்னா."

வெர்னா மீட்டரைக் காலுறைக்குள் திணித்துக்கொண்டே சொன்னார்: "அப்போ நீ சொல்லு. என் காது மாதிரி இல்ல, அவனுக்கு நல்லாவே கேக்கும்."

நிலம் ரஸ்ஸலுக்குப் போகவில்லை. இரண்டு நாளில் க்ளெனிஸ் வயலை விதைத்து முடித்தார், அந்த வளையங்களை மட்டும் தொடாமல். அந்த இரண்டு நாளும் சாலையிலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் சாய்ந்த கம்பத்தருகே டிராக்டர் நிற்கும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் க்ளெனிஸின் வாய் அசையும். சட்டென அசைவு நிற்கும். பதிலுக்குக் காத்திருப்பவர்போலத் தலை சாயும். பிறகு தலையாட்டிவிட்டு வண்டியை நகர்த்துவார்.

மறுபடி பழுதோ என்று வெர்னாவிடம் கேட்டேன்.

"வண்டில ஒண்ணும் இல்ல" என்றார்.