நான் அழித்த கண்

அந்தப் படம் இன்றும் என் பீரோவில், துணிகளுக்கு அடியில் இருக்கிறது. நீலமும் காவியுமாகத் துண்டு துண்டாக ஒரு முகம். மூக்கு ஒரு பக்கம் பார்க்கும், வாய் வேறு பக்கம். கன்னத்தைவிடக் காது பெரிது. கண் மூன்று. வரைந்தவள் என் தங்கை. "யாருன்னு கண்டுபுடி பாக்கலாம்" என்றாள். எனக்குத் தெரியவில்லை.

அப்பா இறந்ததும் ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தவன் நான். பாஸ்போர்ட் போட்டோவுக்குத் தலை நேராக இருக்க வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும். இறந்தவர்களின் கிழிந்த போட்டோக்களைக் கொண்டுவருவார்கள். கம்ப்யூட்டரில் ஒட்டி, மாலை போடும்படி முழு முகமாக்கித் தருவேன். முகம் என்றால் எனக்கு அவ்வளவுதான்.

தங்கை ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்காணலுக்கு, வரைந்த படங்களை எடுத்துப் போக வேண்டும். எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. இந்தக் கோணல் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டால்? பெண்ணுக்குப் புத்தி சரியில்லை என்று நினைத்துவிட்டால்? அவளுக்குத் தெரியாமல் ஸ்டுடியோவில் அதை ஸ்கேன் செய்தேன். மூக்கை நடுவுக்கு நகர்த்தினேன், காதைச் சுருக்கினேன், ஒரு கண்ணை அழித்தேன். அசலை எடுத்துக்கொண்டு, பிரிண்டை அவள் ஃபைலில் வைத்தேன். சரிசெய்தபின் வந்த முகம் யாருடையதாகவும் இல்லை. அது தெரிந்தும் வைத்தேன்.

நேர்காணலில் ஃபைலைத் திறந்தபோதுதான் அவளே பார்த்திருக்கிறாள். "இது கையால வரைஞ்சதாம்மா?" என்று கேட்டார்களாம். மற்றப் படங்களையும் சந்தேகமாகவே புரட்டினார்களாம். இடம் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"இன்னாணா இப்டி பண்ணிட்ட? அது நீதான்ணா."

"நானா? எனக்கு ஏது மூணு கண்ணு?"

"ஒண்ணு கேஸ மூடினோமான்னு பாக்குது. ஒண்ணு பூட்ட இழுத்து இழுத்துப் பாக்குது. இன்னொண்ணு நான் வந்துட்டனான்னு ரோட்டையே பாத்துகினு கீது. அதத்தான் நீ அழிச்சிட்ட."

மறுவருடம் அவள் விண்ணப்பிக்கவில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் பில் போடுகிற வேலைக்குப் போனாள். பயத்தில் செய்துவிட்டேன் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "தெரியும்ணா" என்பாள். திட்டியிருந்தால் ஆறியிருக்கும். இப்போது அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கையில், ஏதோ சொல்ல வந்து மூடிக்கொண்ட என் வாய் தெரிகிறது. அவள் கேலி செய்யவில்லை. கூடவே இருந்து என்னைப் பார்த்திருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், "மறுபடி என்னை வரையேன்ம்மா" என்று கேட்டேன்.

"டைம் எங்கணா கீது?" என்று சிரித்தாள். "வரைஞ்சாலும் இனிமே உனக்கு ரெண்டு கண்ணு போதும். நான்தான் கல்யாணம் ஆயி பெரும்பாக்கம் வந்துட்டனே."

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வழக்கம்போல வாசலில் வந்து நின்றேன். அவள் வருகிற ரோடு இப்போது இது இல்லை.