இரண்டாவது பிரேக்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வெள்ளைக் காருக்கு அன்று காலை ஒரு புதிய பெட்ரோல் மூடி வந்திருந்தது. சாவி போட்டால்தான் திறக்கும் மூடி. சாவியோ முதலாளியம்மாவின் மேசை இழுப்பறைக்குள் இருந்தது. பக்கத்தில் நின்ற நீலக் காருக்கும் சாம்பல் நிறக் காருக்கும் கையால் திருகித் திறக்கும் பழைய மூடிகளே இருந்தன.

வெள்ளைக் காரில் பயிற்சி தருபவரைக் கற்பவர்கள் டீச்சர் என்று அழைப்பார்கள்; நாளடைவில் அலுவலகத்திலும் அதுவே நிலைத்துவிட்டது. டீச்சர் அந்த மூடியின்முன் சிறிது நேரம் நின்றார். யாரும் அவரைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுத்துப் பேசியிருக்கலாம். ஒரு மூடியிடம் என்னவென்று மறுத்துப் பேசுவது?

பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு, விண்ணப்பப் படிவங்களை நிரப்பித் தரும் வேலைக்காகத்தான் அவர் அங்கே சேர்ந்தார். கார் கற்க வந்த பெண்கள் சிலர், கற்றுத் தருபவரும் ஒரு பெண்ணாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று தயங்கித் தயங்கிக் கேட்கவே, முதலாளியம்மா படிவக் கட்டை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு இவரை ஸ்டீயரிங்கின்முன் உட்கார வைத்தார். ஆறு மாதத்தில் உரிமமும் அனுபவமும் வந்தன. வெள்ளைக் காரும் கைக்கு வந்தது.

பயிற்சிக் கார்களில் பயிற்சியாளரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுபவர் தடுமாறினால் பக்கத்து இருக்கையிலிருந்தே வண்டியை நிறுத்திவிடலாம். டீச்சர் வேலையைத் தொடங்கிய முதல் மாதத்தில், ஒரு பெண் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார். டீச்சரின் கால் அந்த இரண்டாவது பிரேக்கைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள், கார் நடைபாதையில் ஏறிச் செடிக்கடையின் பதினேழு தொட்டிகளை உடைத்துவிட்டது. யாருக்கும் காயமில்லை. ஆனால், அன்று முதல் டீச்சரின் காலுக்கு அந்தப் பெடலைத் தேடவேண்டிய தேவையே ஏற்படவில்லை. அதன்பின் வெள்ளைக் காரில் ஒரு கீறல்கூட விழவில்லை. டீச்சர் பக்கத்தில் இருந்தால் வண்டி தானாகவே நிற்கும் என்று கற்பவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் டீச்சருக்கு உச்சி குளிரும்.

பெட்ரோல் விலை ஏறிய பிறகு முதலாளியம்மா ஒரு முறையைக் கொண்டுவந்தார். சனிக்கிழமைதோறும் மூன்று கார்களும் ஒரே பெட்ரோல் பங்குக்குப் போக வேண்டும். குழாய் தானாக நிற்கும்வரை நிரப்பிக்கொண்டு, அந்த வாரம் ஓடிய தூரத்தை நிரப்பிய லிட்டரால் வகுக்க வேண்டும். நீலக் காரும் சாம்பல் நிறக் காரும் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடின. வெள்ளைக் கார் ஒன்பதுதான் ஓடியது.

“உன் வண்டிக்கு மட்டும் என்னம்மா அகோரப் பசி?” என்று முதலாளியம்மா முதல் வாரம் சிரித்துக்கொண்டே கேட்டார். இரண்டாவது வாரம் சிரிப்பில்லாமல் கேட்டார். மூன்றாவது வாரம் கேட்கவே இல்லை. டீச்சரை உறுத்தியது அந்த மூன்றாவது வாரந்தான்.

அவர் சும்மா இருந்துவிடவில்லை. டயர்களின் காற்றைச் சரிபார்த்தார். பின்பெட்டியில் கிடந்த பழைய பலகைகளை இறக்கினார். மெக்கானிக்கிடம் கொண்டுபோய்த் ஸ்பார்க் பிளக் முதல் காற்று வடிகட்டிவரை பார்க்கச் சொன்னார். எஞ்சினில் குறை இல்லை என்று மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். பிரேக் பேடு மட்டும் இந்த வண்டியில் சீக்கிரம் தேய்கிறது என்றார். கற்பவர்கள் கண்டபடி மிதிக்கிறார்கள், என்ன செய்வது என்று டீச்சர் சொல்ல, அவரும் தலையாட்டினார். பேச்சு அத்துடன் நின்றுவிட்டது.

பெட்ரோல் பங்கில் ஆக்டேன் எண் கூடிய, விலையும் கூடிய பெட்ரோலுக்கென்று தனிக் குழாய் ஒன்று இருந்தது. டீச்சர் இரண்டு வாரம் அதை நிரப்பினார். கூடுதல் விலையைத் தம் கைப்பையிலிருந்து கொடுத்தார். ஒன்பது ஒன்பதாகவே இருந்தது. மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“ஆக்டேன்ங்கிறது பெட்ரோலோட பலம் இல்லக்கா. எஞ்சினுக்குள்ள அழுத்தம் ஏறும்போது, நேரத்துக்கு முன்னாடியே பத்திக்காம எவ்வளவு தாங்கும்னு சொல்ற எண் அது. அதிக அழுத்தத்துல ஓடுற எஞ்சினுக்கு அது வேணும். இல்லைன்னா உள்ள தட்டுற சத்தம் வரும். உங்க வண்டி சாதா வண்டி, தட்டுறதும் இல்ல. இருமலே இல்லாத ஆளுக்கு இருமல் மருந்து வாங்கிக் குடுத்திருக்கீங்க.”

“இருமல் மருந்தாவது இனிப்பா இருக்கும்,” என்றார் டீச்சர்.

எந்தப் பெட்ரோல் என்பதைவிட எப்படி ஓட்டுகிறார்கள் என்பதைக் கவனிக்கும்படி மெக்கானிக் சொல்லியனுப்பினார். அதைக் கேட்டு டீச்சருக்குச் சற்றுக் கோபமே வந்தது. ஆக்சிலேட்டரைப் பதமாக மிதிக்க வேண்டும். எஞ்சின் கத்துவதற்குமுன் கியரை மாற்ற வேண்டும். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால் அப்போதே காலை எடுத்துவிட வேண்டும். நிற்கும்போது எஞ்சினை வீணாக ஓடவிடக் கூடாது. இவற்றையெல்லாம் தொண்டை வறளச் சொல்லித் தருபவரே அவர்தாம். அவரிடம் கற்பவர்கள் மற்றவர்களைவிட மோசமாக ஓட்டவில்லை.

கடைசியாக ஒரு வாரம் கார்களை மாற்றிப் பார்த்தார்கள். சாம்பல் நிறக் காரின் பயிற்சியாளர், எதற்கெடுத்தாலும் “நிதானம், நிதானம்” என்று சொல்லி, அதையே பட்டப்பெயராகப் பெற்றுவிட்ட மூத்தவர். அவர் வெள்ளைக் காரை எடுத்துக்கொள்ள, டீச்சர் சாம்பல் நிறக் காரை எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை வந்தது. நிதானத்தின் கையில் வெள்ளைக் கார் பன்னிரண்டு ஓடியிருந்தது. டீச்சரின் கையில் சாம்பல் நிறக் கார் ஒன்பதுதான். வண்டியிடம் இருந்த பசி டீச்சரைத் தொடர்ந்து வந்திருந்தது. முதலாளியம்மா அந்தக் கணக்குத் தாளை நாலாக மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். கார்கள் மறுபடியும் அவரவர் கைக்குத் திரும்பின. திங்கட்கிழமை காலை பூட்டு மூடி வந்தது.

வேலையை விட்டுவிடும்படி வீட்டில் கணவர் சொன்னார். புத்தகங்களுக்கு அட்டை கட்டும் தொழில் செய்பவர் அவர், அதிகம் பேசமாட்டார். டீச்சர் தலையை அசைத்தார். “இப்ப விட்டா, பெட்ரோல் திருடினவ மாட்டிக்கிட்டு ஓடிட்டான்னுதான் பேச்சு வரும். அந்தப் பேரோட நான் எங்க போய் வேலை கேப்பேன்?”

செவ்வாய்க்கிழமை டீச்சருடன் ஓட்டியவர் தையற்கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி. ஓட்டுநர் தேர்வில் இரண்டுமுறை தோற்றவர். நிதானத்திடம் கற்பவர் அன்று வரவில்லை. ஆகையால், நிதானம் சாம்பல் நிறக் காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு, பயிற்சி மைதானம்வரை வெள்ளைக் காரின் பின்னாலேயே வந்தார். வழியில் மூன்றுமுறை ஹாரன் அடித்தார். மைதானத்தில் இறங்கியதும் நேராக டீச்சரின் சன்னலுக்கு வந்தார்.

“ஏம்மா, பிரேக் லைட்டு ஒயர் ஏதாவது ஒட்டிக்கிச்சா?”

“இல்லையே அண்ணே. ஏன்?”

“ஆபீஸ் வாசல்ல இருந்து இங்க வரைக்கும் பின்னாடி சிவப்பு அணையவே இல்ல. நீங்க நிக்கப் போறீங்களா, போகப் போறீங்களான்னு தெரியாம என் உயிரே போயிடுச்சு.”

பார்க்கலாம் என்று டீச்சர் இறங்கிப் பின்னால் வந்தார். விளக்கு அணைந்திருந்தது. தையற்கடைக்காரர் பிரேக்கை மிதித்துக் காட்டினார், எரிந்தது. காலை எடுத்தார், அணைந்தது. ஒயரில் கோளாறு இல்லை. டீச்சர் மறுபடியும் ஏறித் தம் இடத்தில் உட்கார்ந்தார். பின்னால் நின்றிருந்த நிதானம் அங்கிருந்தே கையைத் தூக்கிக் காட்டினார்; விளக்கு மறுபடியும் எரிந்துகொண்டிருந்தது. அவர் மெதுவாக முன்னே நடந்து வந்து, சன்னலுக்குள் தலையை நீட்டினார்.

“உன் கால் எங்கம்மா இருக்கு?”

டீச்சர் குனிந்து பார்த்தார். செருப்பின் முனை இரண்டாவது பிரேக்கின்மேல் படிந்திருந்தது. அழுத்தி மிதிக்கவில்லை, பூனை உட்காருவதுபோல் மெத்தென்று உட்கார்ந்திருந்தது. தம் கால் அங்கே இருப்பதை இத்தனை ஆண்டுகளில் அன்றுதான் அவர் பார்த்தார்.

நிதானம் முன்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோய்விட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டார். சக்கரம் கொதித்தது. அதன்பின் யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. பிரேக் நாள் முழுவதும் சக்கரத்தை இலேசாகப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பிடியை மீறி ஓடுவதற்காக, கற்பவர்கள் தம்மையறியாமல் ஆக்சிலேட்டரைக் கூடுதலாக மிதித்திருக்கிறார்கள். காணாமற்போன பெட்ரோலெல்லாம் சக்கரத்தில் சூடாக மாறிக் காற்றோடு போயிருக்கிறது.

டீச்சர் கதவைத் திறந்து, மைதானத்தின் ஓரக்கல்லில் போய் உட்கார்ந்தார். முதலில் கண்ணைத் துடைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவில்லை. தையற்கடைக்காரர் பயந்துபோய்த் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார்.

“திருடன் அகப்பட்டுட்டான்,” என்றார் டீச்சர், தம் காலைக் காட்டி.

“அப்ப கோளாறு வண்டியில இல்லையா?” என்று வியந்தார் தையற்கடைக்காரர். “கார்னாலே இப்படித்தான் இழுத்துப் பிடிக்கும்னு நான் நெனச்சேன். பெடல் எப்பவும் ஒரு நூல் கீழதான் இருக்கும். தையல் மெஷின் பெடல்ல இருபது வருஷம் கால் வெச்சவ நான், எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“டீச்சர்கிட்ட போய்க் குறை சொல்றதா?”

காரணம் தெரிந்துவிட்டதே தவிர, கால் உடனே திருந்திவிடவில்லை. பேச்சுவாக்கில் மறந்தால் போதும். தானாகவே போய் ஏறிக்கொள்ளும். மறுநாள் தையற்கடைக்காரர், துணியில் அடையாளமிடும் சுண்ணக்கட்டியைக் கொண்டுவந்து, டீச்சரின் காலடி விரிப்பில் பெடலுக்குச் சற்று முன்னால் குறுக்காக ஒரு கோடு கிழித்தார். ஆபத்து என்றால் காலை நீட்டி மிதிக்கலாம்; மற்ற நேரத்தில் செருப்பு கோட்டுக்கு இந்தப் பக்கந்தான் இருக்க வேண்டும்.

“தாண்டினா எனக்குத் தெரிஞ்சிடும் டீச்சர்,” என்று எச்சரிக்கையும் கொடுத்தார். அந்த ஒரு மணி நேரத்தில் நான்குமுறை, “டீச்சர், கால்,” என்று சொன்னார். வகுப்பில் பாடம் கேட்பவர் யார், நடத்துபவர் யார் என்றே புரியவில்லை.

வெள்ளிக்கிழமை, சந்து ஒன்றின் வாயிலிலிருந்து பொட்டலங்கள் ஏற்றிய சைக்கிள் ஒன்று திடீரென்று குறுக்கே வந்தது. டீச்சரின் கால் துள்ளியெழுந்து கோட்டைத் தாண்டியது. ஆனால், பெடலைத் தொடுமுன்பே கார் நின்றுவிட்டது. சைக்கிள்காரர் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். தையற்கடைக்காரர் ஸ்டீயரிங்கை விடாமல் கேட்டார்:

“நீங்க மிதிச்சீங்களா?”

“இல்ல.”

“பின்ன யாரு?”

“நீங்கதான்.”

அந்தப் பெண்மணி சிறிது நேரம் வண்டியை எடுக்கவே இல்லை. இரண்டு தேர்விலும் தாம் ஏன் தோற்றோம் என்று அவருக்கு விளங்கிற்று. அவரை இத்தனை நாளும் நிறுத்தியது டீச்சரின் கால். தேர்வு அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்தபோது அந்தக் கால் இல்லை. டீச்சருக்கும் அது விளங்கிற்று. அதற்காக மன்னிப்புக் கேட்டார். பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்ததால், மன்னிப்பை ஏற்றுக்கொள்ள அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை முதலாளியம்மா தாமே சாவியுடன் பெட்ரோல் பங்குக்கு வந்தார். சாதாரணப் பெட்ரோல்தான். குழாய் தானாக நின்றது. அவர் கைப்பேசியில் ஒருமுறை வகுத்துப் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் வகுத்தார். பதினொன்று வந்தது. செவ்வாய்க்கிழமைவரை பழைய கால் ஓட்டியதையும் கணக்கில் சேர்த்தால், அது பன்னிரண்டுக்குக் குறைந்ததல்ல என்று நிதானம் ஓரமாக நின்று சொன்னார்.

முதலாளியம்மா கைப்பையைத் திறந்து பழைய மூடியை எடுத்தார். அதைத் தாமே திருகி மூடினார். பூட்டு மூடியை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“நான் உன்கிட்ட நேரா கேட்டிருக்கணும்மா. கேக்காம பூட்டு வாங்கிட்டேன்.”

“கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரியாதும்மா,” என்றார் டீச்சர். அந்த வாரத்தில் முதன்முறையாக அவருக்கு நன்றாகப் பசித்தது.

திங்கட்கிழமை வெள்ளைக் காரும் சாம்பல் நிறக் காரும் மறுபடியும் ஒன்றன்பின் ஒன்றாக மைதானத்துக்குப் போயின. சந்திப்பில் சிவப்பு விழுந்தது. தையற்கடைக்காரர் தூரத்திலேயே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டியை உருளவிட்டு, கோட்டுக்கு முன்னால் அழகாக நிறுத்தினார். நிதானம் பக்கத்து வரிசையில் வந்து நின்று, சன்னல் கண்ணாடியை இறக்கினார்.

“ஒயர் சரியாயிடுச்சு போலம்மா. வழி முழுக்க தேவையில்லாம லைட்டு எரியவே இல்ல.”

“மெக்கானிக் பாத்தாரு அண்ணே,” என்றார் டீச்சர், தையற்கடைக்காரரைக் காட்டி.